ரெயோர்கனிசாருக்கு எட்டு ஆங்கிலச் சொற்கள்

ஸ்பானிய மொழியில் ‘ரெயோர்கனிசார்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. ஏற்கனவே இருப்பதைக் கலைத்து வேறு விதமாக ஒழுங்கு செய்வது என்று பொருள். அந்த நாட்டுக்காரர்கள் அதை அலமாரிக்கும் சொல்வார்கள், அரசாங்கத்துக்கும் சொல்வார்கள். நான் ஸ்பெயினைப் பார்த்ததில்லை. மேற்கே திட்டக்குடி, கிழக்கே சேத்தியாத்தோப்பு, ஆஸ்பத்திரிக்கென்று புதுச்சேரி, இவ்வளவுதான் என் உலகம். ஆனாலும் அந்த ஒரு சொல்லை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அதை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் சொல்லலாம் என்று எட்டுச் சொற்களை எழுதி, வரிசைப்படுத்தி, ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பினேன். அதில் நடந்த தவறின் பலனை என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஊர் ஸ்ரீமுஷ்ணம் பக்கம். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்து, கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்து, திட்டக்குடியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு வருடம் பஸ்ஸில் போய் வந்தேன். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது முதலில் சம்பளத்தை நிறுத்தினார்கள், அப்புறம் என்னையே நிறுத்திவிட்டார்கள். அந்த நாட்களில்தான் செல்போனில் ஸ்பானிய மொழியை இலவசமாகச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தேன். ஸ்பானிஷும் இங்கிலீஷும் தெரிந்தால் வீட்டிலிருந்தே வேலை என்று அடிக்கடி விளம்பரம் வரும். பொழுது போகட்டுமே என்று தொடங்கியதுதான். பிறகு வெறி பிடித்த மாதிரி படித்தேன். துணி துவைக்கும்போது படித்தேன், ரேஷன் கடை வரிசையில் நின்று படித்தேன். என் வாய் முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா, எந்தச் சாமிக்கு மந்திரம் என்று விசாரித்தார்.

வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. “ஸ்பெயினு மகாராணி, இன்னைக்கு சோறு உண்டுங்களா?” என்று வாசலிலேயே நின்று கேட்பார். ஆனால் நான் படிக்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பதும் அவர்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான், அதற்கு மேல் இந்த வீட்டில் யாரும் கிடையாது.

அவர் செராமிக் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் சூளை அடுக்குகிறவர். பொம்மையும் பியூஸ் கேரியரும் செய்கிற சின்ன யூனிட். காய்ந்த, இன்னும் சுடாத பச்சைச் சாமான்களைச் சூளை வண்டியில் அடுக்கி உள்ளே தள்ளுவதுதான் அவர் வேலை. முதலில் வண்டியின் மேல் ஒரு தட்டு. அதன் நான்கு மூலையிலும் முட்டுக்கால். அதன்மேல் இன்னொரு தட்டு. இப்படியே ஆள் உயரத்துக்குப் போகும். கனமான சாமான் அடித்தட்டில் போகவேண்டும், காற்றுக்கு ஆடுகிற சின்னப் பொம்மைகள் உச்சியில். இதில் அவரை மிஞ்ச எஸ்டேட்டில் ஆள் இல்லை என்று முதலாளியே சொல்வார். எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாலும் அவர் வந்து ஒருமுறை மாற்றி அடுக்காமல் போகமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுக்குவதில் ஆபத்தில்லை. ஆபத்து அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. சாமான் தட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தட்டின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு பூசுவார்கள். ஒவ்வொரு முறை சூளை எரிந்து ஆறிய பிறகும் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசவேண்டும். சுரண்டும்போது மாவு மாதிரி தூசு பறக்கும். இருபத்திரண்டு வருடமாக அவர் அந்தத் தூசைச் சுவாசித்திருக்கிறார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வாராம். துண்டு எதைத் தடுக்கும்?

இருமல் வந்தது, போகவில்லை. மாடிப்படி நான்கு ஏறினால் நின்று மூச்சு வாங்கினார். புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்ன வேலை பாக்குறீங்க?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பதிலைக் கேட்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “உள்ள படிஞ்ச தூசை எங்களால எடுக்க முடியாதும்மா. புதுசா போகாம நீங்கதான் பாத்துக்கணும். இந்த வேலையை உடனே நிறுத்திடுங்க. நிறுத்தலன்னா இது ஏறிக்கிட்டே போகும்” என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் நெய்வேலியைத் தாண்டியது. அப்புறம், “நிறுத்துடான்னு சொல்லிட்டாரு. வேற என்னா தெரியும் எனக்கு?” என்றார். நான் டியூஷன் எடுக்கிறேன், அதை வைத்துச் சமாளிக்கலாம் என்றேன். சிரித்தார். பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்க நானும் யூனிட்டுக்கு வருகிறேன் என்றேன். அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. “ஒரு வூட்ல ஒரு நெஞ்சு போனா போதும்” என்றார். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் வேலை விளம்பரம் கண்ணில் பட்டது. இணையத்தில் ஸ்பானிஷ்–ஆங்கில அகராதி நடத்துகிற ஒரு கம்பெனி. நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், மாதச் சம்பளம். விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வு வைத்தார்கள், தேறினேன். போனில் பேசிப் பார்த்தார்கள், அதிலும் தேறினேன். கடைசிப் படியாக ஆளுக்கு ஒரு ஸ்பானிய வினைச்சொல்லைக் கொடுத்தார்கள். அதற்கு ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் இரண்டு உதாரண வாக்கியமும் எழுதவேண்டும். கடைசியாக, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் உள்ள சின்னக் கட்டத்தில் ஒரு எண் போடவேண்டும். அகராதியைத் திறக்கிறவர் கண்ணில் எது முதலில் படவேண்டும், எது இரண்டாவது என்பதற்கான எண். அதிகம் புழங்குகிற, எங்கும் செல்லுபடியாகிற சொல்லுக்கு ஒன்று. அபூர்வமான சொல்லுக்குக் கடைசி எண். எனக்கு வந்தது ரெயோர்கனிசார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “வேல உறுதின்னு கடுதாசி வரட்டும். மறுநாளு நான் யூனிட்டு பக்கமே தலவெச்சுப் படுக்க மாட்டேன்” என்றார். சத்தியம் கேட்டேன். என் தலைமேல் கை வைத்தார். அன்றிலிருந்து அந்த எட்டுச் சொற்கள் எனக்கு வெறும் சொற்களாக இல்லை. அவருடைய மூச்சு அதில் இருந்தது. வேறு மாதிரி நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சொற்களைச் சேர்ப்பது சிரமமாக இல்லை. ரீஆர்கனைஸ், ரீஅரேஞ்ச், ரீஸ்ட்ரக்சர், ரீஷஃபிள், ஓவர்ஹால், ரீகுரூப், ரீவேம்ப், ரீஜிக். விளக்கமும் வாக்கியங்களும் எழுதிக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஏற்றியும்விட்டேன். எண் போடுவதில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு நாள் சரியென்று பட்ட வரிசை மறுநாள் தப்பென்று படும். படித்துப் படித்துக் கடைசியில் எல்லாச் சொற்களும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்தன. தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அனுப்ப வேண்டிய திங்களுக்கு முந்தைய நாள் ஞாயிறு மத்தியானம். சூளை ஆறிக்கொண்டிருந்ததால் அவர் வீட்டில் இருந்தார். நான் எட்டுச் சொல்லையும் எட்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்பி வைத்து வெறித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், பொருள் தெரியாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எனக்கு ஒண்ணொண்ணா சொல்லு. அடுக்குறது நம்ம வேலதான” என்றார்.

சொன்னேன். ரீஆர்கனைஸ் என்றால் வீடு, ஆபீஸ், கட்சி, எதை வேண்டுமானாலும் மாற்றி ஒழுங்குபடுத்துவது. ரீஅரேஞ்ச் என்றால் கட்டில், நாற்காலி மாதிரி இருக்கிற சாமானையே இடம் மாற்றி வைப்பது. டாக்டரைப் பார்க்கிற நேரத்தை மாற்றிக்கொள்வதற்கும் அதுதான். ரீஸ்ட்ரக்சர் என்றால் கம்பெனியை, கடனை, பாடத்திட்டத்தை அடியோடு மாற்றிக் கட்டுவது. ரீஷஃபிள் என்றால் மந்திரிகளுக்கு இலாகா மாற்றுவது. ஓவர்ஹால் என்று ஆரம்பித்ததுமே குறுக்கிட்டார். “எஞ்சின எறக்கி ஓராயில் பண்றாங்களே, அதுவா? அத ஏன் எனக்குச் சொல்ற, நான் சொல்றேன் ஒனக்கு.” ரீகுரூப், சிதறிப்போனவர்கள் மறுபடி ஒன்றுசேர்வது. ரீவேம்ப், பழைய கடைக்குப் புது பெயிண்ட், புது போர்டு. ரீஜிக், அங்கே இங்கே சின்னச் சின்ன மாற்றம். இங்கிலாந்துக்காரர்கள் பேச்சில்தான் அதிகம்.

ரீஸ்ட்ரக்சரை இரண்டாவதாகப் போட நினைத்திருந்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அது கம்பெனிக்காரனுக்குத்தான் ஆவும்னு நீயே சொல்ற. கட்டில மாத்திப் போடாத வூடு எங்கனா இருக்குதா? ஏழ பாழைக்கெல்லாம் எது ஆவுதோ அதான் ரெண்டாவது” என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. எட்டுக்கும் இப்படியே வாதாடினோம். எம்.ஏ. படித்து, மூன்று வருடம் ஸ்பானிஷ் படித்த எனக்குப் பிடிபடாதது அவருக்கு ஒரே மத்தியானத்தில் பிடிபட்டது. எந்தச் சொல் எவ்வளவு தாங்கும் என்று அவர் கேட்டார். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை எழுத வெட்கமாக இருக்கிறது.

“நீ போயி சோத்த வடி. நான் ஒழுங்கா ஒட்டி வெக்கிறேன்” என்றார். நான் அடுப்பங்கரைக்குப் போனேன். அவர் சோற்றுப் பருக்கையை எடுத்து ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் தடவி, பீரோ கதவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். அங்கிருந்தபடியே, “ரீஅரேஞ்ச எங்க வெச்சீங்க?” என்று கேட்டேன். “ரெண்டாவது” என்றார். “ரீஷஃபிளு?” “நாலாவது.” சரியாக இருந்தது. வெளியே வந்து பார்த்தபோது கதவில் எட்டுச் சீட்டும் கோடு போட்ட மாதிரி நேராக நின்றன. அன்றைக்கு இனிமேல் அந்தச் சொற்களின் முகத்தில் விழிக்கக்கூடாது, காலையில் தெளிந்த தலையோடு ஒரு தடவை பார்த்து எண் போட்டு அனுப்பலாம் என்று முடிவு செய்து, இலை போட்டேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கு அவர் யூனிட்டுக்குப் போனார். ஒன்பதரைக்கு, வீட்டு வேலையை முடித்து நான் லேப்டாப்பைத் திறக்கப்போன நேரம், முதலாளி போன் செய்தார். “அக்கா, பதறாதீங்க. அவருக்கு மூச்சு கொஞ்சம் அடைக்குது. உக்கார வெச்சிருக்கோம். வந்துட்டுப் போங்க” என்றார். செருப்பைக்கூட ஜோடி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஷேர் ஆட்டோ ஜங்ஷனில் நின்று நின்று ஆள் ஏற்றியது. டிரைவரை வாயில் வந்தபடி திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உதடு கறுத்திருந்தது. தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. புருவத்திலும் காதிலும் வெள்ளைத் தூசு. நான் கொண்டுபோன மருந்தை வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சினார். ஒரு தடவை, இரண்டு தடவை. முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு கொஞ்சம் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “மணி என்னா?”

பத்தரை ஆகியிருந்தது. “அனுப்பிட்டியா?” என்றார். இல்லை என்றேன். “அறிவு இருக்குதா ஒனக்கு? நான் என்னா சாவப்போறனா? போ. போயி மொதல்ல அத அனுப்பு” என்று கையை வீசித் துரத்தினார். முதலாளி தன் பைக்கில் என்னைக் கொண்டுவந்து வீட்டில் விட்டார். பூட்டைத் திறக்கும்போது பதினொன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. கரண்ட் இல்லை. செல்போனிலிருந்து நெட் எடுத்து லேப்டாப்பைத் திறந்தேன். பக்கம் சுற்றிச் சுற்றி ஒருவழியாக வந்தது. பீரோவைப் பார்த்தேன். உச்சியிலிருந்து கீழே வந்தேன். முதல் சீட்டில் உள்ள சொல்லுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு மூன்று. பொருளைப் படிக்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்தேன். கண்முன்னால் அவர் உதடுதான் இருந்தது. இரண்டு நிமிடம் மிச்சம் வைத்து அனுப்பினேன். ‘பெற்றுக்கொண்டோம்’ என்று வந்ததும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் மெயில் வந்தது. உதாரண வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றனவாம். விளக்கங்களும் தெளிவாம். ஆனால் மிக அபூர்வமான சொல்லை முதலிலும், அனைவரும் பயன்படுத்துகிற சொல்லைக் கடைசியிலும் வைத்திருக்கிறீர்கள்; சொற்களின் புழக்கம் பற்றிய உணர்வு இந்த வேலைக்கு அடிப்படை என்பதால் உங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி தேர்வு நடக்கும், அப்போது முயற்சி செய்யலாம்.

நான் பீரோவைப் பார்த்தேன். உச்சியில் ரீஜிக். அடியில் ரீஆர்கனைஸ். அவர் சூளை வண்டியை அடுக்குகிற மாதிரியே அடித்தட்டிலிருந்து அடுக்கியிருந்தார். அவருக்கு முதலாவது என்பது அடியில் இருப்பது. இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். நான் காகிதம் படிக்கிறவள், மேலிருந்து படித்துவிட்டேன்.

உடனே பதில் எழுதினேன். வரிசை தலைகீழாகிவிட்டது, அப்படியே திருப்பிப் பாருங்கள், சரியாக இருக்கும் என்று. பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கணவருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன். எழுதும்போதே கூசியது, ஆனாலும் எழுதினேன். காலில் விழுகிறேன் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொல்லலாமோ அத்தனை விதமாகவும் சொன்னேன். சாயங்காலம் ஒரு வரி வந்தது. அனுப்பியதைத் திரும்பத் திறக்க விதிமுறையில் இடமில்லை, வருந்துகிறோம்.

ஆறு மணிக்கு அவர் வந்தார். வாசலில் கால் கழுவினார். உள்ளே நுழைந்ததும் என் முகத்தைப் பார்த்து, “என்னா ஆச்சு?” என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்காவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

“ஏங்க, சீட்ட எங்கேருந்து அடுக்குனீங்க?” என்று கேட்டேன்.

“கீழேருந்துதான். மேலேருந்து எவனாவது அடுக்குவானா?” என்றார் சிரித்துக்கொண்டே.

“உங்களாலதான் எல்லாம் போச்சு” என்றேன். “தலகீழா ஒட்டி வெச்சு என் வேலையக் கெடுத்துட்டீங்க. உங்கள யாரு வந்து உக்காரச் சொன்னா?”

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. பீரோவைப் பார்த்தார். விரலை நீட்டிக் கீழிருந்து மேலே ஒரு தடவை எண்ணினார், மேலிருந்து கீழே ஒரு தடவை எண்ணினார். “நான் சொல்லியிருக்கணும்” என்றார். “பொஸ்தகம் மேலேருந்துதான் படிப்பாங்க. அது எனக்குத் தெரியாதா? கையி அது பாட்டுக்குப் போயிடுச்சு.” அப்புறம், “திட்டு. நீ திட்டுறது ஞாயந்தான்” என்றார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். எண் போட்டது நான்தான், அனுப்பியது நான்தான். அவர் உழைத்ததில் ஒரு குறையும் இல்லை. அது எனக்கு அந்த நிமிடமே தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டேன். சொன்னதைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

“ஆறு மாசந்தான? அதுவரைக்கும் தாங்கிடலாம்” என்று அவரே என்னைத் தேற்றினார்.

மறுநாளிலிருந்து அவர் பழையபடி யூனிட்டுக்குப் போனார். வீட்டில் பாத்திரத்தைத் தொடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். நான் கழுவி எப்படிக் கவிழ்த்து வைத்தாலும் அப்படியே கிடந்தது. வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று வைத்துப் பார்த்தேன். கண்ணால் பார்த்துவிட்டு நகர்ந்து போனார். அந்தப் பாத்திரங்களைப் பார்த்து நான் அழுதது அவருக்குத் தெரியாது.

மணவாளநல்லூர் முருகன் கோயிலில் பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். போலீஸில் புகார் கொடுப்பது போல, யார்மேல் என்ன வழக்கு என்று காகிதத்தில் எழுதிச் சாமியிடம் ஒப்படைத்துவிட்டு வருவார்கள். சாமி விசாரித்துத் தீர்த்துவைப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை நானும் போனேன். அங்கே ஒரு தூணோரம் உட்கார்ந்து காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, யார்மேல் எழுதுவது என்று யோசித்தேன். கம்பெனிமேலா? அவர்கள் முன்னால் இருந்ததைத்தான் பார்த்தார்கள். தூசுமேலா? வீட்டுக்காரர்மேலா? என்மேல் நானே எழுதிக் கொடுக்கலாமா என்று பூசாரியைக் கேட்டேன். “தன் மேலயே யாரும்மா பிராது கட்டுவாங்க?” என்றார். காகிதத்தைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு நான் ஏறாத படி இல்லை. பழைய பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றார்கள். ஜவுளிக்கடையில் வயதைக் கேட்டார்கள். டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளைக் கூட்டினேன். இதற்கிடையில் அவர் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்துவிட்டது. இப்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வர மூன்று இடத்தில் உட்காருகிறார். சாப்பிட்டு முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார். “இன்னும் எத்தினி நாளு இருக்குது?” அந்த ஆறு மாதத்துக்கு அவர் கணக்கு வைத்திருக்கிறார். ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது, மூன்று போனது. இந்தத் தடவை நான் தனியாகத்தான் வரிசை போடவேண்டும், அவர் பக்கத்திலேயே வரமாட்டார் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

போன மாதம் கம்பெனியிலிருந்து மறுபடி மெயில் வந்தது. காத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவாக அனுப்பியது. இனி அகராதி வேலை முழுவதையும் கம்ப்யூட்டரே செய்துவிடும், ஆட்களை எடுப்பதில்லை, அடுத்த தேர்வு நடக்காது.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், போனது ஒரே ஒரு வாய்ப்பு என்று தெரிந்துவிடும். அது எப்படிப் போனது என்பதைத்தான் நான் என் வாயாலேயே அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேனே. அந்தப் பாரத்தையும் அந்த நெஞ்சு எப்படித் தாங்கும்? அவர் எண்ணிக்கொண்டிருக்கிற அந்தத் தேர்வு நாள் வருவதற்குள் எங்காவது ஒரு வேலை பிடித்து, அகராதிக் கம்பெனி வேலைதான் என்று பொய் சொல்லிவிடலாம் என்று அலைகிறேன். இன்றுவரை கிடைக்கவில்லை.

இன்றைக்கும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார். இன்னும் நாற்பத்தொரு நாள் என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சு இறங்கும் வரை காத்திருந்து, “அவ்ளோதான? வந்துட்டமே” என்றார்.